சனிக்கிழமை ராத்திரிக்குச் சுட்ட கோழியும் சுட்ட கிழங்கும்... பொட்டலம் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம்!

சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்துக்கும் போனவர்கள் வாரச் சம்பளத்தோடு வீடு திரும்பும் நேரம் அது. கடைவீதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோர்த்த கோழி சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கல்லில் எண்ணெய் பரோட்டா பொரிந்துகொண்டிருக்கும். ஒரு முழுக் கோழி, எட்டு பரோட்டா, ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், சின்ன டப்பாவில் வெள்ளையாக மயோனைஸ். ஆறு நாள் உழைத்த கூலியில் ஒரு நல்ல பங்கு அங்கேயே போய்விடும்.

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். கேட்டதை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பெற்றவர்களுக்கும் தோன்றுகிறது. அதில் தப்பில்லை. ஆனால், 'கடையில் வாங்கினால் வயிற்றைக் கெடுக்கிறது. வீட்டில் செய்தால் அந்த ருசி வருவதில்லை. கோழிக்கறியை உடம்புக்கு நல்லதாகச் சமைப்பது எப்படி?' என்ற கேள்வி வாசகர்களிடமிருந்து, அதிலும் தாய்மார்களிடமிருந்து, தொடர்ந்து வருகிறது. அந்தக் கேள்விக்கான விரிவான பதில்தான் இந்தக் கட்டுரை.

யாருக்குப் போகிறது கறி?

சமையலுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காமராசர் பிறந்த மாவட்டம் நம்முடையது. அவர் தொடங்கிய மதிய உணவு வளர்ந்து, இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை கிடைக்கிறது. அந்தப் பிள்ளையைக் காலையில் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆலைக்கும் காட்டுக்கும் ஓடுகிற தாய்க்கு என்ன கிடைக்கிறது? தூக்குவாளியில் பழைய சோறும் ஊறுகாயும், சில நாள் புளிச்சோறும் துவையலும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. கறி எடுக்கும் நாளிலும் நம் வீடுகளில் நடப்பது என்ன? வீட்டு ஆம்பளைகளுக்குத் தொடைக்கறி, பிள்ளைகளுக்கு நெஞ்சுக்கறி, ஈரல் கடைக்குட்டிக்கு. சமைத்தவர் கடைசியாக உட்கார்ந்து, கழுத்தெலும்பையும் சட்டியில் ஒட்டிய குழம்பையும் வழித்துச் சாப்பிடுவார். இந்தக் கட்டுரையில் வரும் சமையலைக் குழம்பாக இல்லாமல் துண்டு துண்டாகச் சுடச் சொல்வதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. துண்டு என்றால் எண்ணிப் பங்கு வைக்கலாம். தலைக்கு இரண்டு துண்டு என்றால், அம்மாவுக்கும் இரண்டு துண்டு.

எவ்வளவு புரதம் தேவை?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்குச் சுமார் 54 கிராம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

நம் வீட்டுப் பொருள்களில் எதில் எவ்வளவு இருக்கிறது? சமைக்காத நிலையில், 100 கிராமுக்கு ஏறத்தாழ இவ்வளவு:

- தோல் உரித்த கோழி நெஞ்சுக்கறி: 22 கிராம்
- தோல் உரித்த தொடைக்கறி: 18 முதல் 19 கிராம்
- கொள்ளு, துவரம்பருப்பு: 22 கிராம்
- நிலக்கடலை: 24 முதல் 25 கிராம்
- தயிர்: 3 கிராம்
- உருளைக்கிழங்கு: ஒன்றரை கிராம்
- முட்டை: ஒன்றுக்கு 6 கிராம்

உருளைக்கிழங்கில் புரதம் அதிகம் கிடையாது. வயிறு நிறைவதற்கும் தெம்புக்கும்தான் அது. ஆனால், தோலோடு வேகவைத்த கிழங்கில் பொட்டாசியம், நார்ச்சத்து, ஓரளவு வைட்டமின் சி எல்லாம் உண்டு. அதே கிழங்கு எண்ணெயில் பொரிந்தால் கதை மாறிவிடுகிறது. வேகவைத்த கிழங்கு 100 கிராமில் 90 கலோரிக்குள்தான் இருக்கும். நீளவாக்கில் வெட்டிப் பொரித்தது 300 கலோரியைத் தொடும். மெல்லிய வறுவல் 500-ஐத் தாண்டும். கிழங்கின்மேல் பழி சொல்லிப் பயனில்லை, கூடிப்போவது எண்ணெய்.

கோழியும் அப்படித்தான். அதன் கொழுப்பில் பாதிக்கு மேல் தோலிலும் தோலுக்கு அடியிலும் இருக்கிறது. தோலோடு சுட்டு, மேலே எண்ணெய் தடவி, மயோனைஸில் தொட்டுச் சாப்பிடும்போது புரதத்தோடு கொழுப்பும் உப்பும் சேர்ந்தே வருகின்றன. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மொனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகள் அதில் எளிதாகப் பெருகும் என்பதுதான் காரணம்.

நான்கு பேருக்கான அளவு

நம் ஊர்ச் சரக்கை வைத்தே ருசி கொண்டுவரலாம். செயற்கைச் சிவப்புச் சாயம் வேண்டாம். சம்பா வத்தலை ஊறவைத்து அரைத்தால் போதிய நிறம் வரும். வெளிநாட்டுப் பார்பிக்யூ சாஸ் என்பது தக்காளி, சர்க்கரை, புளிப்பு, காரம் நான்கும் சேர்ந்த ஒரு சாறுதான். நம்மிடம் தக்காளி, கருப்பட்டி, புளி, வத்தல் இருக்கின்றன.

கோழிக்கு:
- தோல் உரித்த கோழி, எலும்போடு 750 கிராம். எட்டுத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள்
- புளிக்காத கெட்டித் தயிர் 4 மேசைக்கரண்டி
- சம்பா வத்தல் 6 முதல் 8. விதை நீக்கி, சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்தது
- பூண்டு 8 பல், இஞ்சி ஒரு விரல் நீளம்
- மிளகு, சீரகம் தலா ஒரு தேக்கரண்டி. மல்லி 2 தேக்கரண்டி. மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி
- எலுமிச்சை ஒன்று
- உப்பு ஒரு தேக்கரண்டி
- நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய் 2 தேக்கரண்டி

கிழங்குக்கு:
- நடுத்தர உருளைக்கிழங்கு அரைக் கிலோ
- எண்ணெய் 2 தேக்கரண்டி, மிளகுத்தூள், மஞ்சள்தூள், உப்பு கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை

மேலே பூசும் சாறுக்கு:
- தக்காளி 2, கருப்பட்டி ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு, அதே அளவு புளி, வத்தல் 2, பூண்டு 2 பல்

தொட்டுக்கொள்ள:
- கெட்டித் தயிர் ஒரு டம்ளர் (200 கிராம்), வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 40 கிராம், புதினா, பச்சைமிளகாய் ஒன்று

மொத்த எண்ணெய் 4 தேக்கரண்டி. தலைக்கு ஒரு தேக்கரண்டிதான் வருகிறது. உப்பும் ஒன்றேகால் தேக்கரண்டிக்குள் முடிகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஒரு தேக்கரண்டி என்பதே ஏறத்தாழ 5, 6 கிராம் என்பதை நினைவில் வையுங்கள்.

செய்முறை

1. ஆலையிலிருந்து வந்தவுடன் சமையலில் கை வைக்காதீர்கள். வேலை உடுப்பைக் கழற்றி, குளித்து, நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அடுப்படிக்கு வாருங்கள். அலுமினியத் தூளும் வெடிமருந்தும் சாப்பாட்டில் கலக்கக் கூடாதவை. நெருப்பு அருகே வரவும் கூடாதவை. கழற்றிய உடுப்பு அடுப்புப் பக்கமே இருக்கக் கூடாது.

2. கறியைக் கடைசியாக வாங்குங்கள். மற்ற சாமான் எல்லாம் வாங்கி முடித்த பிறகு கறிக்கடைக்குப் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுத் தெறிக்கவிடாமல், பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அலசுங்கள். கறி வெட்டிய கத்தியிலும் பலகையிலும் வெங்காயம், வெள்ளரி வெட்டாதீர்கள்.

3. துண்டுகளின் சதைப்பகுதியில் எலும்பு வரை இரண்டு மூன்று கீறல் போடுங்கள். வத்தல், இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், மல்லியை அரைத்து, தயிர், மஞ்சள்தூள், உப்பு, அரை எலுமிச்சைச் சாறு, எண்ணெய் சேர்த்துப் பிசறுங்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் மூடிவைத்து 4 மணி நேரம் வரை ஊறலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் 30 முதல் 45 நிமிடம் போதும். கீறல் போட்டிருப்பதால் மசாலா உள்ளே இறங்கிவிடும்.

4. கறி ஊறும் நேரத்தில் கிழங்கைத் தோலோடு நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுசாக முக்கால் பதம் வேகவையுங்கள். ஆறியதும் தோலோடே நான்காக வெட்டி, எண்ணெய், மிளகு, மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை போட்டுப் புரட்டிவையுங்கள்.

5. தக்காளி, வத்தல், பூண்டை வாணலியில் எண்ணெய் இல்லாமல் சுட வதக்கி, புளிக்கரைசலும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, கொதிக்கவிட்டுத் தேன் பதத்தில் இறக்குங்கள்.

6. சீமைக்கருவேலங்கரி நமக்குக் கிடைக்கும் நல்ல எரிபொருள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரிதான். கரி பற்றி, கொழுந்து அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை கறியை வைக்கக் கூடாது. பிறகு கனலை ஒரு பக்கமாக ஒதுக்கி, கம்பி வலையை மேலே வைத்து, கறியைக் கனல் இல்லாத பக்கம் அடுக்கி, ஒரு பழைய சட்டியால் மூடுங்கள். நெஞ்சுத்துண்டு 20 நிமிடம், தொடையும் காலும் 30 முதல் 35 நிமிடம். நடுவில் இரண்டு தடவை திருப்பினால் போதும். கடைசி 10 நிமிடத்தில் கிழங்கை அடுக்குங்கள்.

7. கடைசி 5 நிமிடத்தில் மட்டும் கருப்பட்டிச் சாறைப் பூசி, கனலுக்கு மேல் ஒரு புரட்டுப் புரட்டி எடுங்கள். முதலிலேயே பூசினால் இனிப்பு கருகிக் கசக்கும். பச்சைக் கறி ஊறிய மசாலாவை வெந்த கறிமேல் பூசவே கூடாது.

8. தடித்த துண்டை எலும்பு வரை கீறிப் பாருங்கள். ரத்தச் சிவப்பில் நீர் கசியாமல், சதை எலும்பைவிட்டு விலகினால் வெந்துவிட்டது. வெப்பமானி இருந்தால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

9. கடலையைப் பொடித்து, புதினா, பச்சைமிளகாயோடு அரைத்து, தயிரில் கலந்தால் தொட்டுக்கொள்ள ஆயிற்று. மயோனைஸ் தேடிய பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். கூடவே வெங்காயம், வெள்ளரி, தக்காளி நறுக்கி, மீதி அரை எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள்.

காம்பவுண்டு வீட்டில் இருப்பவர்கள், வெளியில் அடுப்பு மூட்ட இடம் இல்லாதவர்கள் தோசைக்கல்லிலேயே செய்யலாம். கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, துண்டுகளை அடுக்கி, மூடி, சிறுதீயில் பக்கத்துக்கு 10 முதல் 12 நிமிடம் வேகவிடுங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு, தீயைக் கூட்டி, நீர் சுண்டவிட்டுச் சிவக்க எடுங்கள். புகை வாசம் வேண்டுமென்றால், வெந்த கறியின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எரிந்த கரித்துண்டு ஒன்றை வைத்து, இரண்டு சொட்டு நெய் விட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும்.

நாட்டுக்கோழி என்றால் நேரடியாகச் சுட முடியாது, ரப்பராக இழுக்கும். குக்கரில் கொஞ்சம் தண்ணீரும் மஞ்சளும் மிளகும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, பிறகு மசாலா தடவி உடனே சுடுங்கள். அந்த வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சின்னவெங்காயம் தட்டிப் போட்டு ரசமாகக் குடிக்கலாம்.

தட்டில் விழும் கணக்கு

750 கிராம் கறியில் எலும்பு போகச் சதை ஏறத்தாழ 500 கிராம். அதில் 100 கிராம் புரதம். நான்கு பேருக்குத் தலைக்கு 25 கிராம். கிழங்கில் தலைக்கு 2 கிராம், தயிரில் ஒன்றரை, கடலையில் இரண்டரை. ஆக மொத்தம் 31 கிராம். 46 கிராம் தேவைப்படும் பெண்ணுக்கு, ஒரே வேளையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடுகிறது, பங்கு சமமாக விழுந்தால்!

ரத்தசோகை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: கோழிச் சதையில் இரும்புச்சத்து குறைவு, ஈரலில்தான் அதிகம். அதனால் ஈரல் துண்டு அம்மாவுக்கும் வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கும் போகட்டும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கூடவே முருங்கைக்கீரை வெஞ்சனம் ஒன்று வைத்தால், கறியும் எலுமிச்சையும் கீரையில் உள்ள இரும்பை உடம்பில் சேர வைக்கும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

நெருப்போடு விளையாட்டு வேண்டாம்

கரி அடுப்பு எந்த ஊரிலும் கவனமாகக் கையாள வேண்டியது. நம் ஊரில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். காரணம் உங்களுக்கே தெரியும்.

அடுப்புப் பற்றவைக்க ஆலையிலிருந்து வந்த காகிதம், அட்டை, குழாய், சாக்கு, திரித்துண்டு எதையும் தொடாதீர்கள். பார்வைக்கு வெறும் அட்டையாகத் தெரியும். மடிப்பில் மருந்து ஒட்டியிருக்கும். ஆலைக் கழிவு கொட்டிய இடத்தில் சுள்ளி பொறுக்கவும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். தேங்காய் மட்டை, சிரட்டை, உலர்ந்த பனையோலை போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல், டயர்த் துண்டு, பெயின்ட் அடித்த மரம் கூடவே கூடாது.

உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்து வெடி செய்வது சட்டவிரோதம், உயிருக்கு உலை. அப்படி எங்கேனும் நடக்கும் தெருவில் கரி அடுப்பு மூட்டுவது நினைத்துப் பார்க்கவே முடியாத ஆபத்து. அங்கிருப்பவர்கள் தோசைக்கல் முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தகவலை அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

மக்காச்சோளத் தட்டை, வைக்கோற்படப்பு, மாட்டுக்கொட்டகை பக்கத்தில் அடுப்பு வேண்டாம். காற்று அடிக்கும் நாளில் பொறி எவ்வளவு தூரம் பறக்கும் என்பது கரிசக்காட்டுச் சம்சாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கூடை மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கக் கூடாது. மழைநாளில் திண்ணையிலிருந்து உள்ளே தூக்கிவைத்துக் கதவைச் சாத்திப் படுத்துவிட்டால், கார்பன் மோனாக்சைடு வாயு உயிரைப் பறித்துவிடும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

கம்பி வலை வாங்கும்போது துத்தநாகப் பூச்சுப் பூசிய வேலிக்கம்பியைப் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகும். பூச்சில்லாத இரும்பு அல்லது எவர்சில்வர் வலைதான் நல்லது.

சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். பெரிய காயம் என்றால் 108.

தினமும் கோழி வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போடுவோம். விலை வாரத்துக்கு வாரம் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உரித்த கறி கிலோ 260 ரூபாய், முட்டை 6 ரூபாய், கொள்ளு கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் புரதத்துக்குக் கறியில் ஏறத்தாழ 2 ரூபாய் ஆகிறது. முட்டையில் 1 ரூபாய். கொள்ளில் 50 பைசாவைக்கூடத் தொடவில்லை. அதனால் வாரத்தில் ஒரு நாள் கோழி, மூன்று நான்கு நாள் முட்டை, மற்ற நாள்களில் கொள்ளுத் துவையல், தட்டைப்பயறு, அவித்த கடலை என்று வைத்துக்கொள்ளலாம். மானாவாரியில் மக்காச்சோளமோ குதிரைவாலியோ போடுகிறவர்கள், வரப்போரமும் ஊடுபயிராகவும் தட்டைப்பயறு, உளுந்து விதைத்தால் வீட்டுத் தேவைக்குப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கொஞ்சம் இடமிருந்தால் ஐந்து பெட்டை, ஒரு சேவலோடு தொடங்குங்கள். உடைந்த மக்காச்சோளம், குதிரைவாலித் தூற்றல், அசோலா, பானையில் வளர்த்த கரையான் என்று தீவனச் செலவைக் குறைத்துவிடலாம். முக்கியமானது வெள்ளைக்கழிச்சல் நோய். ஒரு தடவை வந்தால் கூண்டே காலியாகிவிடும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டாவது வாரத்தில் தடுப்பூசி. பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இலவச முகாமைத் தவறவிடாதீர்கள். முட்டை வீட்டுக்கு, சேவல் சந்தைக்கு என்று பிரித்துக்கொண்டால் பள்ளிக்கூடச் செலவுக்கும் கை கொடுக்கும்.

வாசகர் கேள்விகள்

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்களா?

இல்லை. 40 நாளில் இரண்டு கிலோ வருவது, பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனமும் சரிவிகிதத் தீவனமும் தரும் பலன். ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஊசி போடுவது நடைமுறையில் ஆகாத காரியம். கவனிக்க வேண்டியது ஆன்டிபயாடிக் மருந்து. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது. கோழி வளர்க்கும் வாசகர்கள், மருந்து கொடுத்தால் கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்கள் கழிந்த பிறகே விற்பனைக்கு அனுப்புங்கள்.

சுட்ட கறி சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

கருகிய பகுதியிலும், கொழுப்பு கனலில் சொட்டி எழும் புகையிலும் கெடுதலான பொருள்கள் உண்டாவது உண்மை. அதனால்தான் தோலை நீக்கி, தயிரும் எலுமிச்சையும் தடவி, கனலுக்கு நேர் மேலே வைக்காமல் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். கருகிய ஓரத்தை வெட்டிப் போட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கிழங்கையும் பொன்னிறத்தில் எடுங்கள், கருக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் உருளைக்கிழங்கு சாப்பிடலாமா?

சோறு, பரோட்டாவோடு கூடுதலாக என்றால் கூடாது. சோற்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று துண்டு, கறியோடும் காயோடும் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பாதகம் இல்லை. உங்கள் சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவர் சொல்வதே முடிவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதம், பொட்டாசியம் இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

முளைவிட்ட, பச்சை பூத்த கிழங்கை என்ன செய்வது?

வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும். அதோடு சொலானின் என்ற நச்சும் கூடும். வேகவைத்தாலும் அது முழுசாகப் போகாது. நிறையப் பச்சையாக இருந்தால் எறிந்துவிடுங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். இருட்டாக, காற்றோட்டமாக, வெங்காயத்தோடு சேர்க்காமல் சாக்கில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.

மலைக்கிழங்குக்குப் பதிலாக நம் பக்கத்துக் கிழங்கு எதைச் சேர்க்கலாம்?

தாராளமாகச் சேர்க்கலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு சுடலாம். சிறுகிழங்கை அவித்து உரித்துப் புரட்டலாம். தைமாசம் பனங்கிழங்கு வரும்போது, அவித்து நாரெடுத்து, மிளகுப்பொடி தூவிக் கறியோடு வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் உருளைக்கிழங்கைத் தேடாது.

மீந்த கறியை மறுநாள் சாப்பிடலாமா?

ஃப்ரிட்ஜ் இருந்தால், சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடுபண்ணிச் சாப்பிடலாம். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் வைத்திருக்க வேண்டாம். அதற்காகத்தான் நான்கு பேருக்கு 750 கிராம் என்று அளவு சொன்னது. அன்றைக்கே தீர்ந்துவிடும்.